கொரியக் காதலுக்கு ஒரு நேர்முக வர்ணனை

ஜூலை 9, புதன்

கிரைண்டர் பெல்ட் மாற்ற வேண்டும் என்று எழுதத்தான் காலையில் இந்த டைரியைத் திறந்தேன். அதற்குள் பிலோமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, வலது கண்ணு ஓரத்துல ஒரு திரை எறங்குற மாதிரி இருக்கு. நேத்துலேருந்து மின்னல் வேற வெட்டுது. இட்லி வெந்ததும் சொட்டு மருந்து போட்டுக்கிறேன்."

திரை என்று கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்த்த ஞானப்பிரகாசம், ரயில்வே அணிக்காக பாக்ஸிங் ஆடியவன். ஒரு போட்டி முடிந்த மறுநாள் இதையேதான் சொன்னான். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு சொட்டு மருந்து போட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் கண் போய்விட்டது. வயசுப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து பாக்ஸிங் பார்த்துப் பைத்தியமாக இருக்கிறவன் நான். கண்ணுக்குள் இருக்கிற திரை, ரெட்டினா, கிழிந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுப்பை அணைத்தேன். லுங்கியோடேயே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க, "இட்லி வேகல, வேட்டி மாத்தல, என்ன மனுசன் நீங்க" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு ரெட்டினா கழன்றிருக்கிறது என்றார். நாளைக்கே ஆபரேஷன்.

"நல்லவேளை உடனே வந்தீங்க. யாராவது சொன்னாங்களா?"

"பாக்ஸிங் பாப்பேன் மேடம்."

அவர் என்னையும் என் லுங்கியையும் ஒரு தடவை பார்த்தார்.

இடது கண்ணில் முற்றிய புரை. வலதுதான் பிலோமிக்கு நல்ல கண். அதைத்தான் நாளைக்குத் திறக்கப் போகிறார்கள்.

ஜூலை 10, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக நடந்தது என்கிறார்கள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு கேன்டீன் வரைக்கும் போய் வந்த பிறகுதான் பார்த்தேன், வலது கால் செருப்பு என்னுடையது, இடது கால் செருப்பு யாரோ ஒரு புண்ணியவாளனுடையது.

ஜூலை 11, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குமிழிதான் ரெட்டினாவை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்க வேண்டும். அதற்கு பிலோமி ஒரு வாரம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும், நடந்தாலும், சாப்பிட்டாலும், தூங்கினாலும் முகம் கீழே. "தலையைத் தூக்கினா குமிழி நகந்துரும், ஒட்டுன இடம் விட்டுரும்" என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை என்னைப் பார்த்துச் சொன்னார்.

பெங்களூரிலிருந்து மகள் ரெனிட்டா கிளம்பி வருகிறேன் என்று ஒரே அழுகை. ஏழு மாதக் கர்ப்பிணி. பேசாமல் அங்கேயே இரு என்று அதட்டிவிட்டேன்.

மத்தியானம் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நீச்சல் வளையத்தைக் கடன் வாங்கினேன். இரண்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு, நடுவில் வளையத்தைக் கட்டி, மேலே பழைய சேலையைச் சுற்றினேன். பிலோமி கட்டிலில் குப்புறப் படுத்து முகத்தை வளையத்துக்குள் வைத்தால் கச்சிதமாக இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் என்னைப் போல ஃபிட்டர் கிடையாது என்று சும்மாவா சொன்னார்கள்! வளையத்தில் வாத்து படம் போட்டிருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது.

ஜூலை 12, சனி

காலை பத்து மணிக்கு "போரடிக்குது" என்றாள். பத்தேகாலுக்கும் சொன்னாள். பிரைமரி ஸ்கூலில் முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவளைத் தரையைப் பார்த்துப் படு என்றால் எப்படி?

அவளுடைய பைத்தியம் கொரிய சீரியல். காதல், மழை, குடை, பணக்கார மாமியார். இந்த மூன்று வருடமாக ஹால் டிவிக்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. நான் பாக்ஸிங் வைத்தால், "ரெண்டு பேரு சட்டையில்லாம கட்டிப் பிடிச்சுக்கிறதுக்கு மணி வேற அடிக்கிறானுங்க" என்பாள். அவள் சீரியல் வைத்தால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். பிறகு, "இந்தப் பையன் எல்லாக் கதையிலயும் வரான், இவனுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

"ஏங்க, அந்தச் சலவைக்கடை சீரியல் ஒண்ணு இருக்கு. அதைப் போடுங்க."

"போட்டு? உன்னால பாக்க முடியாதே."

"நான் கேக்குறேன். நீங்க எழுத்தைப் படிச்சுச் சொல்லுங்க."

தமிழ் டப்பிங் இருப்பதாகப் பார்த்துப் போடலாமே என்றேன். அதெல்லாம் வேண்டாம், இதுதான் வேண்டும் என்றாள். கீழே இங்கிலீஷில் ஓடும் எழுத்தை நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டுமாம். ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு எபிசோடு முடிந்தால் எனக்கு ஒரு குத்துச்சண்டை, முழுச் சத்தத்தோடு.

"சரி" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். உடனே ஒத்துக்கொண்டது சந்தேகமாகத்தான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முதல் எபிசோடு.

கடலோர ஊரில் ஒரு பெண் சலவைக்கடை வைத்திருக்கிறாள். பெரிய கம்பெனி முதலாளியின் மகன், நெட்டையன், கோட்டில் கறையோடு உள்ளே வருகிறான். பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அவன் நெட்டையன், அவள் சலவைக்காரி, அவளைச் சின்ன வயதிலிருந்து விரும்புகிற டாக்டர் பையன் ஒருவன், நெட்டையனின் அம்மா ஒரு பூலான்தேவி. இவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால் எழுத்து நிற்க மாட்டேன் என்கிறது. நான் முதல் வரியை மனதில் தமிழாக்குவதற்குள் மூன்றாவது வரி வந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப் சர்க்குலரைப் படித்துப் பழகிய இங்கிலீஷுக்கு இது ரொம்ப வேகம். பத்து நிமிடம் திணறிவிட்டு, எனக்குத் தெரிந்த வித்தையில் இறங்கினேன்.

"நெட்டையன் இடது பக்கமா நகர்றான். அவ பின்வாங்குறா. சுவர் வந்துருச்சு, போக எடமில்ல. தடுத்துக்கிட்டிருந்த கையை எறக்கிட்டா, கார்டே இல்ல. இவன் கிட்ட வரான், வரான்... இல்ல, கையில சட்டையைக் குடுத்துட்டுப் போயிட்டான். ச்சே, நல்ல சான்ஸ்."

வளையத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தலை ஆடக்கூடாது என்று அதட்டினேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்தது இன்றைக்குத்தான்.

"அடுத்து மழை வரும் பாருங்க" என்றாள். வந்தது. இந்தக் கதைகளின் போக்கு அவளுக்கு அத்துப்படி.

ஜூலை 14, திங்கள்

இரண்டாம் எபிசோடு: பாக்ஸிங் ரவுண்டுக்குப் புள்ளி போடுகிற மாதிரி போட்டால் 10–9, பூலான்தேவிக்கு. சலவைக்காரி முகத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வீசினாள். சலவைக்காரி கண் சிமிட்டக்கூட இல்லை. அடி வாங்கத் தெரிந்த பெண். எனக்குப் பிடித்துவிட்டது.

இதை பிலோமியிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கிரைண்டர் பெல்ட் மாற்றியாயிற்று. மூன்று, நான்கு இரண்டும் இன்றைக்கே பார்த்துவிட்டோம். குத்துச்சண்டைக்கு நேரமில்லை. அவள் கேட்டதால்தான் போட்டேன்.

வேகமாக ஓடும் எழுத்தை விட்டுவிட்டு, முகத்தைப் பார்த்து நானே சொல்லிவிடுகிறேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இருக்காது. நெட்டையன் கடை வாசலில் நிற்கிறான், ஏதோ இரண்டு வார்த்தை சொல்கிறான். அவ்வளவு தூரம் நடந்து வந்து இரண்டு வார்த்தைதானா? நான் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

"நீ வீட்ல இல்லாதப்ப ஃபேன் சத்தம்கூட பெருசா கேக்குதுன்னு சொல்றான்."

பிலோமி வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, போயிட்டான்."

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போன அன்று நான் வந்து துணி எடுத்துப் போனேனே, அப்போது வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 16, புதன்

பழைய ஒர்க்‌ஷாப் சிநேகிதன் கருணாகரன் வந்தான். நாளை மாலை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் வருடா வருடம் நடக்கும் பாக்ஸிங். எனக்கு முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறானாம். ஒரு வருடம்கூட நான் தவறவிட்டது கிடையாது.

"யோவ் ஸ்தனிஸ்லாஸ், ரெண்டு மணி நேரம்தான்யா. பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வா."

"போயிட்டு வாங்க" என்று கட்டிலிலிருந்து பிலோமியும் சொன்னாள்.

போகவில்லை என்று சொல்லிவிட்டேன். இவள் தூக்கத்தில் புரண்டுவிட்டால்? தும்மினால்? நான் பக்கத்தில் இருந்தால் தும்மல் நின்றுவிடப் போவதில்லை, தெரியும். ஆனாலும் போக முடியாது.

மாலையில் ஒரு தவறு செய்துவிட்டேன். ஐந்தாம் எபிசோடில் நெட்டையன் காய்ச்சலில் படுத்திருக்கிறான், சலவைக்காரி ஏதோ கொண்டுவந்து ஊட்டுகிறாள். எழுத்து ஓடிவிட்டது. நான் பாட்டுக்கு, "உன் கையால வச்ச மிளகு ரசம் போதும், நான் எந்திரிச்சுருவேன்னு சொல்றான்" என்றேன்.

"கொரியாவுல ஏதுங்க மிளகு ரசம்?"

"சூப்பு. சூப்புன்னுதான் போட்டிருக்கு. உனக்குப் புரியணும்னு ரசம்னு சொன்னேன்."

"ஓகோ" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

இன்றைக்கு நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

கருணாகரன் மாலையில் ஃபோன் செய்தான். "நீ வரலைன்னா என்னய்யா, ரிங்கு உன் வீட்டுக்கு வருது" என்று ஃபோனை மேடை ஓரமாகவே வைத்துவிட்டான். படம் இல்லை, சத்தம் மட்டும். வர்ணனை சொல்கிறேன் என்று ஆரம்பித்தவன், "குத்துறான்யா, இவனும் குத்துறான்யா" என்பதைத் தாண்டவில்லை. நான் ஃபோனைக் கட்டிலுக்கு அடியில், பிலோமி முகத்துக்கு நேராக வைத்தேன்.

முதல் ரவுண்டு முழுக்கக் காதைக் கொடுத்துக் கேட்டாள். இரண்டாவது ரவுண்டில், "ஏங்க, இந்த 'தொப்பு தொப்பு'ன்னு கேக்குறது கிளவுஸ் மேல விழற அடி. 'பொத்'துன்னு ஒண்ணு கேக்குது பாருங்க, அது ஒடம்புல விழுது. சரியா?" என்றாள்.

நான் அசந்துபோனேன். சரிதான்.

"ஒருத்தன் காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குறான். களைச்சுட்டான். யாரு அது?"

கருணாகரனிடம் கேட்டேன். சிவப்பு மூலைப் பையன், ஈரோட்டுக்காரன்; எதிரே நீலம் என்றான்.

"அப்ப நீலம்தான் ஜெயிக்கும்" என்றாள். நான் சிவப்பு மேல் நம்பிக்கை வைத்திருந்தேன். ஈரோட்டுப் பையனின் இடது கையைப் போன வருடமே பார்த்திருக்கிறேன், இடி மாதிரி இறங்கும். மூன்றாவது ரவுண்டில் பிலோமி கட்டில் சட்டத்தைக் கையால் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். "விடாத, விடாத, அவன் மூச்சு வாங்குறான், உள்ள போ!" என்று தரையைப் பார்த்துக் கத்துகிறாள். "தலையைத் தூக்காதடி!" என்று நான் கத்துகிறேன். எதிர்ப்பக்கம் கருணாகரன், "யோவ், அங்க என்னய்யா நடக்குது?" என்று கத்துகிறான்.

நீலம் ஜெயித்தது.

பிலோமி வியர்வையில் நனைந்திருந்தாள். முதுகைத் துடைத்துவிட்டேன். "இவ்வளவு நாளா இதை ஏங்க எனக்குச் சொல்லல? இது சண்டையே இல்ல. ஒருத்தன் அடுத்து என்ன பண்ணப் போறான்னு இன்னொருத்தன் பாத்துக்கிட்டே இருக்கான்" என்றாள்.

இதைத்தானே நான் கல்யாணமான நாளிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்!

ஜூலை 18, வெள்ளி

ஒரு வாரம் ஆயிற்று. ஆஸ்பத்திரி. ரெட்டினா இப்போதைக்கு ஒட்டியிருக்கிறது. இனி நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் குமிழி கரைய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அது முழுசாகக் கரைந்த பிறகுதான் பார்வை எவ்வளவு திரும்பியது என்று சொல்ல முடியும். பாதி வழியில் மறுபடி கழன்றுகொள்வதும் உண்டாம். மறுபடி திரை மாதிரி தெரிந்தால் உடனே வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதலில் பார்த்தது வளையத்து வாத்தை.

"இதுக்குள்ளயா ஒரு வாரம் மூஞ்சியை வச்சிருந்தேன்?"

ஜூலை 23, புதன்

எட்டாம் எபிசோடு. டாக்டர் பையனுக்குத்தான் 10–8. நெட்டையனைக் காப்பாற்ற அவனே ரத்தம் கொடுக்கிறான், காதலியையும் விட்டுக்கொடுக்கிறான். இப்படி அடி வாங்கியும் விழாமல் நிற்கிறவன்தான் பாக்ஸர். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று பிலோமி ரெனிட்டாவிடம் ஃபோனில் சொல்கிறாள். வெங்காயம் நறுக்கினேன்.

ஜூலை 29, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது பிலோமி கையை அப்படியே நிறுத்தினாள். "ஏங்க, கண்ணுக்குக் கீழ கறுப்பா ஒரு வளைவு தெரியுது. ஆடுது."

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியில் அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கை ஈரமாக இருந்தது, சோற்றுக் கை. ஞானப்பிரகாசம் கடைசிக் காலத்தில் பேப்பரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தது ஞாபகம் வந்தது. வேறு எதையாவது நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது குமிழியோட ஓரம்தாங்க. கரைய ஆரம்பிச்சிருக்கு. கண்ணுக்குள்ள மேல இருக்குறது உங்களுக்குக் கீழ இருக்குற மாதிரி தெரியும். இனி மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா தெளிவாகும். தண்ணி வத்துற மாதிரி அந்தக் கோடு கீழ எறங்கிக்கிட்டே போகும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆட்டோக்காரன் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"வெயில்" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோடு இறங்குகிறது. இன்றைக்கு பிலோமிக்கு டிவியின் மேல் கால்வாசி தெரிகிறதாம். நெட்டையனின் முடியைப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கான்" என்றாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் சரியானால் இவள் எழுத்தைத் தானே படிப்பாள். முதலிலிருந்து மறுபடி பார்க்கப் போகிறேன் என்று வேறு சொல்கிறாள். அப்போது என் வண்டவாளம் எல்லாம் தண்டவாளம் ஏறிவிடும். ஃபேன் சத்தம், மிளகு ரசம், ஏழாம் எபிசோடில் பஸ் ஸ்டாண்டில் நான் பேசிய அந்த நீளமான வசனம். நெட்டையன் பேசிய வசனம் என்று எழுத வந்தேன்.

ஒன்று மட்டும் சாதகம். அவளுக்குப் படம் மேலேயிருந்து கீழே தெளிகிறது. எழுத்து ஓடுவது திரையின் அடியில். கடைசியாகத் தெளிவது அதுதான். அதுவரைக்கும் பிழைத்தேன்.

கண் சீக்கிரம் சரியாக வேண்டும் என்று காலையில் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். எழுத்து மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தெரியட்டும் என்று சேர்த்து வேண்டலாமா என்று யோசித்தேன். அபசகுனம். வேண்டவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதின்மூன்றாம் எபிசோடு. நெட்டையன் கடற்கரையில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நான் படித்தேன்: "நீ தலையில முக்காடு போட்டுக்கிட்டு கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கெளம்புறப்ப திரும்பி ஒரு தடவை பாப்பல்ல, அதுக்காகத்தான் நான் வாசல்லயே நிக்கிறேன்னு சொல்றான்."

"வாயே அசையலையேங்க?"

இப்போது அவளுக்கு முகம் நன்றாகத் தெரிகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"மனசுக்குள்ள பேசுறான். அதுக்கும் எழுத்து போடுவாங்க."

"ரொம்ப நேரம் மனசுக்குள்ள பேசுறான் போல."

"பணக்காரன். நேரம் இருக்கு."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். பிலோமி ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகப் பூசைக்கு வந்தாள். நான் வண்டியை எடுக்க வாசலில் நின்றேன். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "நிக்கிறீங்களான்னு பாத்தேன்" என்றாள்.

வண்டியை எடுக்கத்தானே நிற்கிறேன்!

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கருணாகரன் வந்தான். பிலோமி அவனோடு ஒரு மணி நேரம் பாக்ஸிங் பேசினாள். அடுத்த மாதம் மதுரையில் நடக்கும் போட்டிக்கு மூன்று டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள். "தங்கச்சி, சத்தத்தை வச்சே ஜெயிக்கிறவனைச் சொல்லிட்டியே, இப்ப கண்ணும் வந்துட்டா ஜட்ஜுங்களுக்கு வேலையில்லாம போயிரும்" என்று அவன் சிரிக்கிறான்.

பதினைந்தாம் எபிசோடு முடிந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. பூலான்தேவி மனம் திருந்திவிட்டாள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி எபிசோடை டாக்டரம்மா கண்ணைப் பார்த்த பிறகுதான் போடுவது என்று பிலோமி சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாளைக்கு ஆஸ்பத்திரி. குமிழி ஒரு கடுகளவு மிச்சம் இருந்தது, இன்று காலை அதுவும் போய்விட்டதாம். எப்படித் தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நாள் முழுக்க இரண்டு பேரும் கறிவேப்பிலைச் செடிக்கு உரம் வைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இருட்டறையில் சுவரில் எழுத்துப் பலகை. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் படிக்கச் சொன்னார்கள். நான் பின்னால் நின்றேன். மேலே பெரிய எழுத்தைப் படித்தாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. நான்காவது வரியில் கொஞ்சம் திணறினாள். பிறகு கிளாசில் டிக்டேஷன் கொடுக்கிற குரலில் அதையும் படித்தாள். ஐந்தாவது வரியில் பாதி.

டாக்டரம்மா கருவியில் ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். நான் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெட்டினா நல்லா ஒட்டிருச்சும்மா. கண்ணாடி மாத்தினா இன்னும் நல்லா தெரியும். அடுத்த மாசம் எடது கண்ணு புரையையும் எடுத்துருவோம்." பிறகு என்னைப் பார்த்து, "சார், இப்பவாவது உக்காருங்க" என்றார்.

வாசலுக்கு வந்து ரெனிட்டாவுக்கு ஃபோன் போட்டேன். "அம்மா..." என்றேன், அதற்கு மேல் வரவில்லை. பிலோமி ஃபோனை வாங்கி, "ஒண்ணுமில்லடி, கண்ணு வந்துருச்சு. உங்கப்பா வழக்கம்போல வெங்காயம் நறுக்குறாரு" என்றாள்.

மாலை ஆறு மணிக்கு டிவியைப் போடச் சொன்னாள். கடைசி எபிசோடு. புதுக் கண்ணாடி வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். "பழசே போதும், எனக்குத் தெரியுது" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சரி, மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது. ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"இனி நீயே படிச்சுக்கலாம்."

"ஏன், நீங்க படிங்க. பழகிருச்சு."

படித்தேன். இன்றைக்குச் சேர்க்காமல், குறைக்காமல், எழுத்துக்கூட்டிப் படித்தேன். பூலான்தேவி மன்னிப்புக் கேட்டதைக்கூட ஒழுங்காகச் சொன்னேன். பிலோமி ஒரு இடத்திலும் திருத்தவில்லை.

கடைசிக் காட்சி. எல்லாப் பிரச்சினையும் முடிந்து நெட்டையன் சலவைக்கடைக்குத் திரும்பி வருகிறான். கதவைத் திறக்கிறான். அவள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். இசை மட்டும். எழுத்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரையின் அடியில் ஒன்றுமே இல்லை.

"என்ன சொல்றான்?" என்றாள் பிலோமி.

"ஒண்ணும் சொல்லல."

"நல்லாப் பாத்துப் படிங்க."

திரும்பிப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வலது கண்ணாலும்.

"பயந்துட்டேன்னு சொல்றான்" என்று ஆரம்பித்தேன். "அவன் இல்ல. நான்தான் பயந்துட்டேன் பிலோமி. அந்தக் கண்ணு போயிருந்தா உனக்கு எப்படியோ, நான் செத்திருப்பேன். நீ என்னைப் பாக்காத வீட்ல நான் எதுக்கு? முப்பத்தஞ்சு வருசமா உன்கிட்ட சொல்லத் தெரியல. எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். அவ்வளவுதான். அவ்வளவுதான் எழுதியிருக்கு."

நெட்டையன் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தான்.

பிலோமி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள், மெதுவாக, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி.

"இந்த சீரியலை நான் போன வருசமே ரெண்டு தடவை பாத்துட்டேங்க" என்றாள். "உங்க இங்கிலீஷை நம்பிப் புதுசு போட முடியுமா? ரெண்டு தடவையும் இந்தப் பாவி கடைசி வரைக்கும் வாயைத் தெறக்கவே இல்ல."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அப்ப எல்லாமே..."

"எல்லாமே தெரியும்."

ரிமோட்டை எடுத்தாள். முதல் எபிசோடுக்குப் போனாள். கடலோர ஊர், சலவைக்கடை, கீழே எழுத்து ஓட ஆரம்பித்தது. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ம், படிங்க" என்றாள்.